விக்டோரியா பொது அரங்கில் மீண்டும் நாடகம்: மேடை அந்தக் கட்டடத்துக்கு உரியதா, இடையில் வந்து சேர்ந்ததா?

கேள்வி: ஒத்திகைக்கூடம்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சென்னையில் வார இறுதிகளில் தமிழ் நாடகம் போடும் ஒரு சிறிய குழு. எல்லோரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். நாடகத்தால் யாருக்கும் வருமானம் கிடையாது, கைப்பணம் செலவாகாமல் இருந்தாலே நிறைவு என்று நினைப்பவர்கள். சென்ற வாரம் ஒத்திகை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சென்ட்ரல் நிலையத்திலிருந்து ரிப்பன் மாளிகைக்குப் போகும் வழியில் சிவப்புச் செங்கல்லில் நிற்கும் விக்டோரியா பொது அரங்கைப் பற்றிப் பேச்சு எழுந்து, அது ஒரு வாதமாகவே வளர்ந்துவிட்டது.

எங்களில் ஒருவர், அது ஊர் மக்கள் கூடிப் பேசுவதற்காகக் கட்டிய நகர மண்டபம் என்றும், வேறு நல்ல இடம் இல்லாத காலத்தில் நாடகக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள் என்பதற்காக அதை நாடக அரங்கு என்று சொல்லிவிட முடியாது என்றும் வாதிட்டார். 2023இல் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் ஏறத்தாழ 32 கோடி ரூபாய்ச் செலவில் மாநகராட்சி தொடங்கிய மறுசீரமைப்பைச் சுட்டிக்காட்டி, அவ்வளவு பாடுபட்டு மீட்கும் கட்டடத்தை அருங்காட்சியகமாகப் போற்றுவதே முறை என்பது அவர் கருத்து. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுத்துச் சொல்ல என்னிடம் உணர்ச்சி இருந்த அளவுக்குச் செய்தி இல்லை.

ஆகவே கேட்கிறேன். நகர மண்டபம் என்பதும் நாடக அரங்கம் என்பதும் அந்தக் கட்டடத்தில் எப்படி ஒன்று சேர்ந்தன? அங்கே யார் நடித்தார்கள், ஏன் அங்கே நடித்தார்கள்? நூற்று முப்பது ஆண்டுகளைத் தாண்டிய ஒரு கட்டடம் இன்றைய நாடகத்தின் விளக்குகளையும் ஒலியையும் கூட்டத்தையும் தாங்குமா? விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: பூங்காநகரம்

ஐயா, தங்கள் நண்பர் சொல்வதில் முதல் பாதி சரி. அது நகர மண்டபமாகத்தான் பிறந்தது. சென்னைக்கென்று ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று 1880களின் தொடக்கத்தில் நகரத்துப் பெரியவர்கள் கூடி முடிவெடுத்து, நன்கொடை திரட்டி, மக்கள் பூங்கா என்று அப்போது வழங்கிய தோட்டத்தின் ஒரு பகுதியைப் பெற்றார்கள். அந்தப் பூங்காவின் நினைவாகத்தான் இன்றும் அந்தப் பகுதி பூங்காநகர் என்று அழைக்கப்படுகிறது. 1883 டிசம்பர் 17 அன்று விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். இந்த விஜயநகரம் ஹம்பி அன்று. ஆந்திரத்தின் வடகோடியில் உள்ள சமஸ்தானம். விக்டோரியா அரசியின் பொன்விழா 1887இல் வந்ததால் அவர் பெயரையே மண்டபத்துக்கும் சூட்டினார்கள். வரைந்தவர் இராபர்ட் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். சென்னை உயர்நீதிமன்றத்தைக் கட்டியவரும் இதே செட்டியார்தாம்.

தங்கள் நண்பர் சொல்லும் இரண்டாம் பாதியைத்தான் நான் ஏற்கவில்லை. 1891இல், மண்டபம் திறந்து சில ஆண்டுகளுக்குள்ளாகவே, பல்லாரியிலிருந்து தர்மவரம் கிருஷ்ணமாச்சார்லுவின் குழு வந்து அங்கே தெலுங்கு நாடகங்களை நடத்தியது. அதைப் பார்த்தவர்களுள் பதினெட்டு வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். அவர்தாம் பம்மல் சம்பந்த முதலியார். அதுவரை தமிழ் நாடகத்தின் மேல் தமக்கு இருந்த வெறுப்பையும், அன்று கண்ட நாடகம் அதை எப்படி மாற்றியது என்பதையும் அவரே ‘நாடக மேடை நினைவுகள்’ நூலில் மனம் திறந்து எழுதியிருக்கிறார். கிருஷ்ணமாச்சார்லு தொழில்முறை நடிகர் அல்லர், வழக்கறிஞர். படித்தவர்கள், சமூகத்தில் மதிப்புள்ளவர்கள், அரிதாரம் பூசிக்கொண்டு மேடையேறலாம் என்பதே அந்த இளைஞருக்குப் புதிய செய்தி. அதே ஆண்டு ஜூலை முதல் நாள், அவரும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய சுகுண விலாச சபை என்ற, நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாதவர்களின் நாடகக் குழு பிறந்தது.

இப்போது எண்ணிப் பாருங்கள். நடிகனைக் கூத்தாடி என்று பழித்து, அவனுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்கவும் பெண் கொடுக்கவும் தயங்கிய காலம் அது. சம்பந்த முதலியார் பிற்காலத்தில் நீதிபதியானவர். சபையில் அவரோடு நடித்தவர்களில் வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் மிகுதி. அவர்கள் தொழில்முறைக் குழுக்கள் ஆடும் கொட்டகையில் நடித்திருந்தால் வீட்டிலும் நீதிமன்றத்திலும் தலைகாட்ட முடிந்திருக்குமா என்பது ஐயமே. நகரத்தின் கண்ணியமான கூட்டங்கள் நடக்கும் மண்டபத்தில், தலைவர்கள் நின்று பேசும் அதே கூரையின்கீழ் நடித்தார்கள் என்பதால்தான் அந்த மதிப்பில் ஒரு பங்கு நாடகத்துக்கும் வந்து சேர்ந்தது. அது நகர மண்டபமாக இருந்ததால்தான் அங்கே நாடகத்துக்குப் புதிய வாழ்வு கிடைத்தது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் இந்த வரலாறே புரியாமல் போய்விடும் என்பது என் கருத்து.

வெறும் வாடகை உறவாகவும் அது நிற்கவில்லை. பல ஆண்டுகள் சபையின் இருப்பிடமே அந்தக் கட்டடமாக இருந்தது. 1930களின் நடுப்பகுதியில்தான் அவர்கள் மவுண்ட் ரோட்டுக்குச் சென்றார்கள். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் முடியும்படி சுருக்கியதும், பாட்டு நிறைந்திருந்த இடத்தில் உரைநடை வசனத்துக்கு முதலிடம் தந்ததும், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ என்று தமிழாக்கியதும் இந்தச் சபையின் பணிகளே.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். ‘மனோகரா’ நாடகத்தில் இளவரசனைச் சங்கிலியால் பிணைத்து அரசவைக்கு இழுத்து வருவார்கள். மனோகரனாக நடித்தவர் சம்பந்த முதலியாரே. தாய் பத்மாவதியாக வந்தவரும் ஓர் ஆண்தான். தாயின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அதுவரை எல்லா இழிவையும் பொறுத்திருந்த மகன், அவள் கட்டளையிட்டதும் சங்கிலியை அறுத்தெறிவான். ஒலிபெருக்கி இல்லாத காலம். சங்கிலி அறுபடும் ஓசையும் அதற்கு முன் வரும் அமைதியும் கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்தால்தான் அந்தக் காட்சி நிற்கும். அந்த மண்டபத்தின் நீள அகலத்தை மனத்தில் வைத்துப் படிக்கும்போது, வசனங்கள் ஏன் அவ்வாறு சிறு சிறு துண்டுகளாக, இடைவெளி விட்டு எழுதப்பட்டன என்பது எனக்கு விளங்கியது.

கூட்டங்களைப் பற்றியும் ஒரு செய்தி. அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேகானந்தருக்கு 1897 பிப்ரவரியில் அங்கேதான் வரவேற்பு மடல் வாசித்தளிக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். உள்ளே இருந்ததைவிடப் பல மடங்கு கூட்டம் வெளியே நின்று, அவர் தங்களிடம் வந்து பேச வேண்டும் என்று குரல் எழுப்பியது. அவர் வெளியே வந்து ஒரு குதிரை வண்டியின் மேல் ஏறி நின்றுகொண்டு, கீதை பிறந்த முறைப்படி தாமும் தேர்த்தட்டிலிருந்து பேசுவதாகச் சொன்னார். சில நாள் கழித்து அதே மண்டபத்தில் நீண்ட சொற்பொழிவும் ஆற்றினார். அதற்கு முந்தைய ஆண்டு, 1896இல், தென்னிந்தியாவின் முதல் சலனப்படக் காட்சிகளுள் ஒன்றும் அங்கே நடந்திருக்கிறது. பேச்சு, நாடகம், படம் என்று ஊர் எதைக் கூடிப் பார்க்க விரும்பியதோ அதுவெல்லாம் அங்கே நடந்தது.

மறுமொழி: சுண்ணாம்புக்காரை

வணக்கம். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். கட்டடம் தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் என்னால் இயன்றதைச் சொல்கிறேன்.

இந்த வகைக் கட்டடத்தை முதலில் அதன் காரையை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்துச் செங்கல் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் எழுந்தவை. நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் செக்கில் இட்டு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துப் பல நாள் புளிக்கவிட்டுப் பூசுவார்கள். இந்தக் காரை சிமெண்டைப் போல விறைத்து நிற்பதில்லை; மழைக்காலத்தில் சுவர் குடிக்கும் ஈரத்தை வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். கட்டடம் சிறிது அசைந்தாலும் அதனோடு தானும் அசைந்து கொடுக்கும். சிமெண்டைக் கொண்டு மேலே பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, உப்பாகப் பூத்து, செங்கல்லையே பொடியாக்கிவிடும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பழைய கட்டடத்தில் இதைக் கண்ணால் கண்டேன். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். சுவர் உறுதியாக இருக்கட்டும் என்று உள்ளும் புறமும் சிமெண்ட் பூசினார்கள். மூன்றாம் மழைக்காலம் முடிந்தபோது பூச்சைத் தட்டினால் வெற்றுப் பானையைத் தட்டுவது போல ஒலித்தது. ஓரிடத்தில் உளியால் பெயர்த்தேன். பின்னாலிருந்த செங்கல் செம்மண்ணாக உதிர்ந்து என் கையில் கொட்டியது. உதவிக்கு நின்ற வயதான கொத்தனார் ஒன்றும் பேசாமல் அந்தத் தூளை விரலால் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, “உப்பு” என்றார். அன்றிலிருந்து பழைய சுவரில் சிமெண்ட் வைக்க நான் ஒப்புக்கொண்டதில்லை. எனவே எந்தப் பழைய கட்டடத்தின் சீரமைப்பைப் பற்றிக் கேட்டாலும், எத்தனை கோடி என்பதற்கு முன்னால் சுவரில் என்ன பூசினார்கள் என்றுதான் நான் கேட்பேன்.

இனி நாடகத்துக்கு வருவோம். அரங்கின் இரு தளங்களிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பெரிய கூடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 600 பேர் அமரலாம், மேல்தளத்தில் கிழக்குப் பக்கம் உள்ள மர மாடத்தில் இன்னும் 200 பேர் வரை அமரலாம் என்பது பழைய கணக்கு. அத்தனை பேரின் எடையைக் கருதியே சுவர்களை வைத்திருக்கிறார்கள். ஆனால் இன்றைய நாடகத்தின் அளவுக்கு அன்றைய நாடகம் மேலே சுமை ஏற்றவில்லை. இன்றைய குழுக்கள் விளக்குகளையும் கம்பிகளையும் திரைகளையும் மேலே தொங்கவிடுகின்றன. பழைய மர விட்டங்களுக்கு அது பழக்கமில்லாத சுமை. இதற்கு வழி இல்லாமல் இல்லை. விளக்குகளைத் தரையில் ஊன்றிய தனிக் கம்பங்களில் நிறுத்தலாம், எல்.இ.டி. விளக்குகள் எடையும் வெப்பமும் குறைந்தவை, மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். மின்கம்பிகளைச் சுவரை வெட்டிப் புதைக்காமல் வெளிப்படையாக ஓடவிட வேண்டும். சுவரில் ஆணி அடிப்பதை முழுவதுமாகத் தவிர்க்க வேண்டும்.

எனக்குக் கவலை தருவது நெருப்பு ஒன்றுதான். மர மாடமும் மாடிப்படியும் உள்ள கூடத்தில் எத்தனை பேரை அனுமதிப்பது என்பதை, பழைய இருக்கைக் கணக்கை மறந்துவிட்டு, எத்தனை பேர் எத்தனை நிமிடத்தில் வெளியேற முடியும் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும். 800 இருக்கைக்கு 300 பேர்தான் என்று விதித்தாலும் அதை மனமுவந்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

பயன்படுத்தினால் கட்டடம் கெட்டுவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பூட்டிக் கிடந்த கட்டடம்தான் விரைவில் கெடும். ஆள் நடமாட்டம் இருந்தால் கூரை ஒழுகிய அன்றே யாராவது பார்த்துவிடுவார்கள். அரச மரக் கன்று விரிசலில் முளைத்த உடனே பிடுங்கிவிடுவார்கள். எழும்பூர் அருங்காட்சியக அரங்கம் 1896ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அங்கே தலைமுறை தலைமுறையாக நாடகங்கள் நடந்து வருகின்றன. கண்ணெதிரே ஓர் எடுத்துக்காட்டு இருக்கும்போது வேறு சான்று தேட வேண்டியதில்லை.

மறுமொழி: மாடவரிசை

மேலே எழுதிய இருவரிடமிருந்தும் நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனாலும் பூங்காநகரம் ஐயா எழுதியதோடு நான் ஓரிடத்தில் மாறுபடுகிறேன்.

அந்த மண்டபம் நாடகத்துக்கு மதிப்புத் தந்தது என்கிறீர்கள். யாருடைய நாடகத்துக்கு? அதே காலத்தில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்டு ஒரு நாடகக் குழுவை நடத்தினார். சங்கரதாஸ் சுவாமிகள் ஊர் ஊராகப் போகும் குழுக்களுக்குப் பாட்டும் வசனமும் எழுதி, சிறுவர்களுக்குப் பயிற்சி தந்து, ஆயிரக்கணக்கானவர்களை இரவெல்லாம் கொட்டகையில் உட்கார வைத்தார். அந்த நடிகர்கள் வயிற்றுக்காக நடித்தவர்கள் என்பதால் அவர்களுக்குக் கூத்தாடிப் பட்டம் நீடித்தது. சபைக்காரர்கள் பொழுதுபோக்குக்காக நடித்தவர்கள் என்பதால் கனவான்களாகவே இருந்தார்கள். நகர மண்டபத்து மேடையில் பத்மாவதியாக ஓர் ஆண் நின்றதைப் பெருமையாக நினைவுகூரும்போது, அந்த இடத்தில் ஒரு பெண் நிற்க முடியாமல் போனதையும் நாம் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

பழம்பெருமையைக் குறைப்பதற்காக இதை எழுதவில்லை. என் பாட்டி நாடகம் பார்த்தே வளர்ந்தவர். வள்ளி திருமணத்தின் தர்க்கப் பாட்டுகளை அரிசி புடைத்துக்கொண்டே முழுமையாகப் பாடுவார். முருகனுக்கு ஒரு குரல், வள்ளிக்கு ஒரு குரல். அந்த நாடகத்தை அவர் பார்த்தது கோயில் திடலில், பாய் விரித்துப் படுத்துக்கொண்டு. சென்னைக்கு வந்தபின் எத்தனையோ முறை அந்தச் சிவப்புக் கட்டடத்தைத் தாண்டிப் பேருந்தில் போயிருக்கிறார். அது நாடகம் நடந்த இடம் என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது.

ஆகையால், மேடை திறக்கட்டும் என்பதில் நான் உங்களோடு நிற்கிறேன். ஆனால் திறந்தால் எல்லோருக்கும் திறக்க வேண்டும். மாநகராட்சியின் கையில் உள்ள மண்டபம் ஊருக்குச் சொந்தமான மண்டபம். வாடகையைப் பெரிய நிறுவனங்களின் விழாவுக்கு ஏற்றபடி வைத்தால் சிறிய குழுக்கள் வாசலிலேயே நின்றுவிடும். வாரத்தில் இரண்டு நாளாவது குறைந்த வாடகையில் பொழுதுபோக்கு நாடகக் குழுக்களுக்கும், தெருக்கூத்து, இசை நாடகக் கலைஞர்களுக்கும், மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒதுக்க வேண்டும். புறநகர் ரயிலும் மெட்ரோவும் வாசலுக்கே வரும் இடம் அது. செங்கல்பட்டிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் வருகிறவர்கள் காட்சி முடிந்து கடைசி ரயிலைப் பிடிக்கக்கூடிய வேறு அரங்கம் இந்த நகரத்தில் எங்கே இருக்கிறது?

மறுமொழி: பூங்காநகரம்

மாடவரிசை அவர்கள் சுட்டியது முற்றிலும் நியாயம். நான் எழுதியதில் அந்தப் பக்கம் விடுபட்டுவிட்டது. சபை, தொழில்முறை நடிகர்களின் உழைப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்பட வேண்டியதே தவிர, அதற்கு மேலே வைக்கத் தக்கதன்று. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: கொட்டகைக் குழுக்களும் நாளடைவில் சம்பந்த முதலியாரின் நாடகங்களை எடுத்து ஆடின. ‘மனோகரா’ மண்டபத்துக்குள் அடங்கிவிடவில்லை. ஊர் ஊராகப் போய், கடைசியில் திரைப்படமாகவும் ஆனது. மண்டபத்தில் பிறந்தது கொட்டகைக்குப் போன கதை அது. கொட்டகையில் வளர்ந்தது மண்டபத்துக்குள் வர வேண்டும் என்று நீங்கள் கேட்பது அந்தக் கணக்கை நேர்செய்வதாக இருக்கும்.

மறுமொழி: ஒத்திகைக்கூடம்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இந்தப் பக்கத்தை அப்படியே எங்கள் குழுவினருக்குப் படித்துக் காட்டினேன். அருங்காட்சியகமே போதும் என்று வாதிட்ட நண்பர், பம்மலின் வரலாற்றைக் கேட்டுக்கொண்டிருந்தவரை அசையவில்லை. பாட்டி அரிசி புடைத்த இடம் வந்தபோதுதான் தலையை நிமிர்த்தினார். நெருப்பைப் பற்றிய எச்சரிக்கையைத் தம் பக்கத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டாலும், மேடை இருக்கட்டும் என்பதற்கு இப்போது இசைந்துவிட்டார்.

மாநகராட்சிக்கு ஒரு விண்ணப்பம் எழுதத் தொடங்கியிருக்கிறோம். குறைந்த வாடகையில் வாரம் இரண்டு நாள், தரையில் ஊன்றிய விளக்குகள், வெளியேறும் நேரத்தை வைத்து ஆள் கணக்கு ஆகிய மூன்றையும் நீங்கள் சொன்னபடியே சேர்த்திருக்கிறோம். கையெழுத்திட விரும்பும் நாடகக் குழுக்கள், இசை நாடகக் கலைஞர்கள் இருந்தால் இங்கேயே தெரிவிக்க வேண்டுகிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் ஒலிவாங்கியை எடுத்து வைத்துவிட்டு மனோகரனின் சங்கிலிக் காட்சியை ஒருமுறை நடித்துப் பார்க்கப்போகிறோம். பத்மாவதியாக நடிக்க எங்கள் குழுவில் மூன்று பெண்கள் போட்டியிடுகிறார்கள். சங்கிலிக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. மெய்யான இரும்பில் செய்து, அறுபடும் கண்ணியை மட்டும் மெல்லிய தகரத்தில் வைக்கலாமா என்று பார்க்கிறோம்.

மறுமொழி: சுண்ணாம்புக்காரை

தகரம் வேண்டாம், அறுபடும்போது விளிம்பு கையைக் கிழித்துவிடும். ஈயக் கம்பியில் அந்த ஒரு கண்ணியைச் செய்துகொள்ளுங்கள். இழுத்தால் பிரிந்துகொடுக்கும், மற்ற கண்ணிகள் தரையில் விழும் ஓசை இரும்பின் ஓசையாகவே இருக்கும். ஞாயிறு மாலை நானும் வந்து கடைசி வரிசையில் உட்காருகிறேன்.